ஹாக்லியின் இரண்டாவது முகம்

போன மாதம் ஒரு புத்தகக் கடையில் துப்பறியும் ஹாக்லியை ஆங்கிலத்தில் பார்த்தேன். வழவழப்பான தாள், கெட்டி அட்டை, தூக்கினால் கை வலிக்கிற கனம். எங்கள் வீட்டில் அவர் குடியிருந்த காலத்தில், பஜ்ஜி மடிக்கிற தாளுக்கும் ஒரு படி கீழான தாளில், கறுப்பு மை விரலில் ஒட்ட ஒட்டத் தமிழில்தான் பேசிக்கொண்டிருந்தார். இங்கிலாந்துக்காரர் இங்கிலீஷ் பேசுவதைப் பார்த்து எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

ஹாக்லியைத் தெரியாதவர்களுக்காக: அவர் ஒரு காமிக்ஸ் நாயகர். இன்னும் இருநூறு வருடம் கழித்து வரப்போகும் லண்டனில் அவர் துப்பறிவாளர். அந்த ஊரில் மாடி பஸ் ஆகாயத்தில் பறக்கும். நகரம் முழுவதையும் கண்ணாடிக் கூரை போட்டு மூடியிருப்பார்கள். ஆனாலும் உள்ளே மழை பெய்யும். மழை இல்லாத லண்டனை நினைத்துப் பார்க்க அந்த வெள்ளைக்காரர்களுக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது. செவ்வாய் கிரகத்தில் கொலை விழுந்தாலும் ஹாக்லி முதலில் டீ போட்டுக் குடிப்பார், பிறகுதான் பிணத்தைப் பார்ப்பார். அவருக்கு ஓர் இயந்திர மனிதன் உதவியாளன். மூலத்தில் எண்ணும் எழுத்துமாக ஏதோ ஒரு பெயர் இருந்ததை, எங்கள் மொழிபெயர்ப்பாளர் 'ஏகாம்பரம்' என்று மாற்றிவிட்டார். லண்டன் இயந்திரத்துக்கு ஏகாம்பரம் என்று பெயர் இருப்பதில் நெய்வேலியில் ஒருவரும் தப்புச் சொல்லவில்லை.

மற்ற வீடுகளில் பிள்ளைகளுக்காக அப்பாக்கள் காமிக்ஸ் வாங்கிக்கொடுப்பார்கள். எங்கள் அப்பா தனக்காக வாங்குவார், எனக்கு இரவல் கொடுப்பார். அவருக்கு நிலக்கரிச் சுரங்கத்தில், மண்ணை அள்ளிக்கொண்டு ஓடும் கன்வேயர் பெல்ட்டில் வேலை. முதல் ஷிப்ட் முடிந்தால் மந்தாரக்குப்பம் போய், பஸ் நிலையத்துக் கடையில் புதுப் புத்தகம் வந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் குவார்ட்டர்ஸுக்கு வருவார். குளித்துச் சாப்பிட்டதும் பாயை விரிப்பார். நான் பக்கத்தில் படுத்துக்கொள்வேன்.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. முதல் சுற்றில் எழுத்தைப் படிக்கக் கூடாது. படம் மட்டும்தான் பார்க்க வேண்டும். எழுத்தைப் பார்த்தால் கண் அதிலேயே உட்கார்ந்துகொள்ளும், படத்துக்கு எழுந்து வராது என்பார். ஒரு பக்கத்தைத் திருப்ப அத்தனை நேரம் எடுத்துக்கொள்வார். ஹாக்லி நடக்கும் தெருவில் ஒவ்வொரு செங்கல்லும் தனித்தனியாக வரைந்திருக்கும். விண்கலத்தில் ஆணிகளைக்கூட விடாமல் போட்டிருப்பார் அதை வரைந்த புண்ணியவான். எங்கள் சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சத இயந்திரத்தைத் தினமும் பார்க்கிற அப்பா, "ஆணி இருக்கவேண்டிய எடத்துலதான் ஆணி போட்டிருக்கான் பாரு, தெரிஞ்சவன்" என்று மெச்சுவார். ஹாக்லியின் முகமும் அப்படியே. சதுரத் தாடை, படிய வாரிய தலை, எப்போதும் ஒரு சின்னச் சிரிப்பு. பார்த்தாலே பயம் போய்விடும்.

இரண்டாவது சுற்றில்தான் படிப்பார். ஹாக்லிக்கு ஒரு குரல், வில்லனுக்கு ஒரு குரல். ஏகாம்பரம் பேசும்போது எவர்சில்வர் டம்ளரை வாயில் கவிழ்த்துக்கொண்டு பேசுவார். அம்மா அடுப்படியிலிருந்து, "அந்த டம்ளர கழுவி வைக்கணும், சொல்லிட்டேன்" என்பாள். இதைவிட இன்பமாக ஒரு மத்தியானம் இருக்க முடியும் என்று எனக்கு இன்றுவரை தோன்றியதில்லை.

நான் நாலாவது படித்த வருடம் பலாப்பழ சீசனில், அப்பா முத்தாண்டிக்குப்பத்தில் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு மொபெட்டில் வந்துகொண்டிருந்தார். பின்னால் ஒரு பலாப்பழம் கட்டியிருந்தது. வழியில் கயிறு நழுவ, பழத்தைப் பிடிக்க ஒரு கையைப் பின்னால் கொண்டுபோனார். வண்டி பள்ளத்தில் இறங்கியது. முகம் குப்புற விழுந்ததில் தாடை உடைந்து முன்பற்கள் போயின. பலாப்பழத்துக்கு ஒரு முள்கூட மழுங்கவில்லை. பார்க்க வந்தவர்களில் இந்தக் கடைசிச் செய்தியைச் சொல்லாமல் போனவர் ஒருவரும் இல்லை.

பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அம்மாவும் கூடவே போனாள். என்னை எதிர் குவார்ட்டர்ஸில் இருந்த திருநெல்வேலிக்காரர் வீட்டில் விட்டார்கள். அந்த வீட்டு அண்ணன் ஒன்பதாவது படித்தான். அவனும் ஹாக்லி பக்தன். அப்பா இல்லாத அந்த நாட்களில் புது ஹாக்லியை அவன்தான் வாங்கிவந்தான். அட்டையைப் பார்த்ததும் எனக்குச் சப்பென்றாகிவிட்டது. பெயர் ஹாக்லி என்றுதான் போட்டிருந்தது. ஆள் ஹாக்லி இல்லை.

நீளமான முகம். ஒடுங்கிய கன்னம். பாதி முகம் இருட்டில் இருந்தது, மீதிப் பாதியில் சிரிப்பு இல்லை. தாடை ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. உள்ளே செங்கல்லையும் காணோம், ஆணியையும் காணோம். கட்டங்கள்கூட நேராக இல்லாமல் சாய்ந்து கிடந்தன. எங்கே பார்த்தாலும் கறுப்பு. மசிப்புட்டி கொட்டிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

இப்போது எனக்கு விஷயம் தெரியும். அந்தக் கதை இங்கிலாந்தில் ஒரு வாரப் பத்திரிகையில் வருடக்கணக்கில் வந்தது. முதலில் வரைந்தவர் விலகிப்போக, இன்னொருவர் வந்தார். நம் ஊரில் இருவர் கதையையும் அடுத்தடுத்துப் போட்டார்கள், வரைந்தவர் பெயரைப் போடும் வழக்கமில்லை. வாங்கிவந்த கெட்டி அட்டைப் புத்தகத்தில் இரண்டு பெயரும் இருக்கின்றன. சொன்னாலும் என் நாக்கில் நிற்காது. படம் என்று ஒன்றை யாரோ உட்கார்ந்து வரைகிறார்கள் என்பதே எனக்கு அப்போது தெரியாது. ஆணி போட்டவனை அப்பா மெச்சியதைக்கூட, விண்கலம் கட்டியவனைச் சொல்கிறார் என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தேன். ஹாக்லி அங்கே இருக்கிறார், அவரைப் புத்தகத்தில் காட்டுகிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

எதிர் வீட்டு அண்ணனோ அசராமல் ஒரு முடிவுக்கு வந்தான். இதற்கு முந்தைய கதையில் சனி கிரகத்து முகத்திருடர்கள் வந்திருந்தார்கள். அவர்கள் ஒருவரைப் பிடித்துக் கண்ணாடி ஜாடிக்குள் தூங்கவைத்துவிட்டு, அவர் முகத்தை மாட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கே போய்ச் சோறு தின்பார்கள். ஹாக்லி அவர்கள் கப்பலுக்குள் நுழைந்து தப்பிவந்ததாகக் கதை முடிந்தது.

"தப்பி வந்தது யாருன்னு நெனச்ச? நல்லா பாரு. அவசரத்துல முகத்த சரியா மாட்டல. கோணலா நிக்குது."

அவன் சொன்னதில் எனக்கு ஓட்டை எதுவும் தெரியவில்லை. போலியைக் கண்டுபிடிக்கும் அடையாளங்களையும் சொன்னான். முகம் கோணலாக இருக்கும். சிரிக்க வராது. தெரிந்தவர்கள் வந்தால் ஒளிந்துகொள்வான்.

பள்ளிக்கூடத்திலிருந்து ஒருநாள் வந்தபோது எங்கள் வீடு திறந்திருந்தது. அம்மா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். உள்ளறையில் கட்டிலில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மீசை இல்லை. கன்னம் ஒட்டியிருந்தது. தாடை ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். வார்த்தை குழறி, காற்றோடு கலந்து வந்தது. எனக்கு விளங்கவில்லை. அவர் உடனே துண்டை எடுத்து மூக்குவரை சுற்றிக்கொண்டார்.

நான் கதவருகிலேயே நின்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அண்ணன் சொன்னபடியே நடந்தது. அவர் வெளியே வரவே இல்லை. பகலிலும் ஜன்னல் சாத்தியிருந்தது. சாயங்காலம் அப்பாவோடு வேலை செய்கிறவர்கள் பார்க்க வருவார்கள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் உள்ளறைக் கதவு மூடிக்கொள்ளும். அம்மா புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு, "இப்பதாங்க தூங்கினாரு" என்பாள். தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும், கட்டில் கிரீச்சிட்டதே. அம்மாவின் தம்பி, என் மாமா, வந்து மணிக்கணக்கில் பேசிப் பார்த்தார். "லீவு முடியப்போவுது மாமா. வேலைக்குப் போவாம இப்பிடியே வூட்டுக்குள்ள ஒக்காந்துகினு இருந்தா எப்பிடி?" என்று அவர் கேட்டதும், கட்டில் மறுபடி கிரீச்சிட்டதும் எனக்குக் கேட்டன. மாமா போன பிறகு அம்மா அடுப்படியில் வெங்காயம் இல்லாமலே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பாவம், அம்மாவுக்கும் சந்தேகம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

உள்ளறையில் இருப்பவர் போலி என்றால், என் அப்பா எங்கே? எந்தக் கண்ணாடி ஜாடியில் தூங்குகிறார்? அவருக்குச் சாப்பாடு யார் கொடுப்பார்கள்? கணக்கு வகுப்பில் இதை நினைத்து அழுதேன். டீச்சர் பெருக்கல் வரவில்லை என்று அழுவதாக நினைத்துத் தலையைத் தடவிக்கொடுத்தார்கள்.

பள்ளி இல்லாத ஒரு நாள், துணிந்து உள்ளறைக்குப் போனேன். பழைய ஹாக்லியும், அண்ணனிடம் இரவல் வாங்கிய புது ஹாக்லியும் கையில் இருந்தன. கட்டிலுக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன்.

"உங்கள நான் விசாரிக்கணும்."

துண்டுக்கு மேலே இருந்த கண்கள் என்னைப் பார்த்தன. "என்னா பாப்பா, புதுசா 'நீங்க'ன்ற?" காதைத் தீட்டிக்கொண்டு கேட்டதில் இது விளங்கியது. அப்பாவை நான் எப்போதும் நீ என்றுதான் கூப்பிடுவேன். அந்நியரை எப்படி நீ என்பது?

"புதுப் புத்தகம் வந்தா மொதல்ல என்னா செய்யணும்?"

"எழுத்தப் படிக்கக் கூடாது. படம் பாக்கணும்."

சரியான பதில்தான். ஆனால் முகத்தோடு மூளையையும் திருடத் தெரிந்தவர்களாக இருந்தால்? கொண்டுவந்திருந்த டம்ளரை நீட்டினேன். "ஏகாம்பரம் மாதிரி பேசுங்க."

டம்ளரை வாங்கினார். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். துண்டை இறக்கிவிட்டு வாயில் வைத்தார். காற்றும் எச்சிலுமாக ஒரு சத்தம் வந்தது. இன்னொரு முறை முயன்றார். டம்ளரை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டார். "வரல பாப்பா" என்றார்.

நான் ஓவென்று அழ ஆரம்பித்தேன். அழுகையோடு அழுகையாக வழக்கு முழுவதையும் சொல்லிவிட்டேன். முகத்திருடர்கள், ஜாடி, அண்ணன் சொன்ன அடையாளங்கள், எல்லாம். "எங்கப்பாவ எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுபோனது.

அவர் என் கையிலிருந்த புது ஹாக்லியை வாங்கினார். அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது வந்ததால் அதுவரை பார்த்திருக்கவில்லை. ஜன்னலைத் திறந்து வெளிச்சத்தில் வைத்துக்கொண்டார். எழுத்துப் பக்கம் கண் போகவில்லை. ஒரு பக்கத்தைத் திருப்ப அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் என் அழுகை தானாக நின்றுவிட்டது.

"அடேங்கப்பா" என்றார். "இவன் வேற ஆளு. பெரிய கைகாரனா இருக்கான்டி."

என்னை அருகில் இழுத்து உட்காரவைத்தார். நானும் மறந்துபோய் உட்கார்ந்துவிட்டேன். குழறிக் குழறித்தான் சொன்னார். ஆனால் கேட்கக் கேட்கப் புரிய ஆரம்பித்தது. பழைய ஆள் தெருவில் அத்தனை செங்கல்லையும் வரைந்தான். இவன் ஒரே ஒரு விளக்குக் கம்பத்தைப் போட்டு, அதன் கீழே நாலு கோடு மழையைப் போட்டு, மிச்சத்தை எல்லாம் கறுப்பாக விட்டுவிட்டான். "ஆனா தெரு உனக்குத் தெரியுதா இல்லியா?" தெரிந்தது. ஈரம்கூடத் தெரிந்தது. பயமாக இருந்ததே தவிர, கண்ணை எடுக்க முடியவில்லை. கட்டம் ஏன் சாய்ந்திருக்கிறது? ஹாக்லி ஓடும்போது மட்டும்தான் சாய்ந்திருக்கிறது, நின்றதும் நேராகிவிடுகிறது. இதை நான் பார்க்கவே இல்லை. அந்த இரண்டாவது ஆளின் பெருமை எனக்கு முழுசாகப் புரிய இன்னும் பல வருடம் ஆனது. ஆனால் அதற்கு வாசல் திறந்தது அந்த ஜன்னலடியில்தான்.

பிறகு இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். குடையை முழங்கையில் மாட்டியிருக்கும் விதம், இடது காலில் சாய்ந்து நிற்கும் விதம், யோசிக்கும்போது சட்டைக் காலரைத் தொடும் விரல். எல்லாம் அதேபோல் இருந்தன.

"ஆளு அதே ஆளுதான். வரையற கைதான் மாறிடிச்சி."

நான் ஹாக்லியைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். அவரும் யோசனையாகக் காது மடலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என் அப்பா எப்போதும் அப்படித்தான் தேய்ப்பார்.

"அப்ப உன்ன யாரு மாத்தி வரஞ்சாங்க?"

"பாண்டிச்சேரில ஒரு டாக்டரு."

"கொஞ்சம் கோணலா வரஞ்சிட்டாரு."

அப்பா சிரித்துவிட்டார். காற்றும் எச்சிலுமாக ஒரு விநோதச் சிரிப்பு. சிரிப்பை நிறுத்த முடியாமல் தாடையைப் பிடித்துக்கொண்டார், வலித்திருக்கும். அம்மா கரண்டியும் கையுமாக வாசற்படியில் வந்து நின்றாள்.

எனக்குத் திருப்திதான். ஆனால் எதிர் வீட்டு அண்ணன் இதை ஒத்துக்கொள்ள மாட்டான். சாட்சி கேட்பான். ஆளை முன்பே தெரிந்தவர்கள் நேரில் பார்த்து, இவர்தான் என்று சொல்ல வேண்டும். யோசித்ததில் ஒரு நல்ல வழி தோன்றியது. முதல் ஷிப்ட் முடிந்து ஆட்களை ஏற்றிவரும் பஸ் எங்கள் பிளாக் முனையில் நிற்கும். அப்பாவோடு வேலை செய்கிறவர்கள் பலரும் அதில்தான் வருவார்கள். ஒரே இடத்தில் அத்தனை சாட்சிகள்!

"பஸ் வர நேரம். வா, போலாம்" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

அப்பாவின் சிரிப்பு போய்விட்டது. கை தானாகத் துண்டைத் தேடியது. நான் துண்டைப் பறித்துக்கொண்டேன். "மூஞ்சி தெரியணும்பா. இல்லாட்டி சாட்சி செல்லாது." அவர் என் தலைக்கு மேலாக அம்மாவைப் பார்த்தார். அம்மா உள்ளே போய் அவருடைய செருப்பைத் தேடி எடுத்துவந்து வாசலில் போட்டாள்.

எதிர் வீட்டு வாசலில் நின்று கத்தி அண்ணனைக் கூட்டிக்கொண்டேன். அவன் அப்பாவை ஒருமுறை பார்த்தான், அதன் பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே வந்தான். துப்பறியும் வேலையில் திடீரென்று அவனுக்கு ஆர்வம் போனது ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

பஸ் வந்து நின்றது. தலையிலிருந்து கால்வரை புழுதியோடு ஒவ்வொருவராக இறங்கினார்கள். கண்ணும் பல்லும் தவிர எதுவும் தெரியாத முகங்கள். முதலில் இறங்கியவர் அப்பாவைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். அவர் நின்றதால் பின்னால் வந்தவர்களும் படியிலேயே நிற்க வேண்டியதாயிற்று.

விசாரிக்க வேண்டியவள் நான்தானே. முன்னால் போய், "இது எங்கப்பாவா, இல்லியா? நல்லா பாத்து சொல்லுங்க" என்றேன்.

அவர் குனிந்து என்னைப் பார்த்தார், பிறகு நிமிர்ந்து அப்பாவை மேலும் கீழுமாகப் பார்த்தார். "இந்த ஆளா? இந்த ஆளேதான் பாப்பா. எங்கிட்ட காமிக்ஸ் பொஸ்தகம் எடுத்துக்கினு போயி இன்னும் திருப்பித் தரல. நல்லா தெரியும் எனக்கு" என்றார்.

அடுத்தவரிடம் கேட்டேன். "சந்தேகமே இல்ல. நேரத்துக்கு டீ வரலன்னா கத்துவாரே, அவருதான்." இன்னொருவர், "பல்லுதான் போச்சி, பார்வ அதேதான்" என்றார். தலை நரைத்த ஒருவர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அவரிடம் மட்டும் திரும்பவும் கேட்கவேண்டியிருந்தது. "ஆமாம்மா" என்றார். டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை. அவரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்ப வர?" என்று முதல் ஆள் கேட்டார். "ஒன் எடத்துல ஒரு கத்துக்குட்டியப் போட்டிருக்காங்க. தெனம் உயிர வாங்கறான்."

அப்பா காது மடலைத் தேய்த்தார். "திங்கக்கெழம" என்றார். வார்த்தை குழறித்தான் வந்தது. எல்லோருக்கும் விளங்கியது.

நான் அண்ணனிடம், "பாத்தியா?" என்றேன். அவன் தலையை ஆட்டினான்.

திரும்பி நடந்தபோது அப்பாவின் கை என் கைக்குள் இருந்தது. அது நடுங்கிக்கொண்டே வந்தது. பஸ் போன பிறகும், தெரு திரும்பிய பிறகும் நிற்கவில்லை. என்னைப்போல் ஒரு துப்பறிவாளரோடு கைகோர்த்து நடந்தால் யாருக்கும் கொஞ்சம் உதறத்தான் செய்யும் என்று நினைத்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது, அவரை நினைத்தால் பாவமாகவும் இருந்தது.

"பயப்படாதப்பா" என்றேன். "உம்மேல ஒரு குத்தமும் இல்ல. கேசு முடிஞ்சிடிச்சி."

"சரிங்க" என்றார் அப்பா.